கடலுக்குள் சிக்னல் வராது

நவம்பர் 9, ஞாயிறு

நீச்சலுடை வாங்கியாகிவிட்டது. முழுக்கை, முழங்காலுக்குக் கீழே வரை மூடுவது, கறுப்பு. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் அளவை மறுபடி சரிபார்த்தார்.

பிப்ரவரியில் எங்கள் ஊர்க் கடற்கரையில் டிரையத்லான் நடத்துகிறார்கள். முதலில் கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் சைக்கிளில் இருபது கிலோமீட்டர். இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. மகள் நந்திதா போன வாரம் பேர் கொடுத்திருக்கிறாள். காலேஜில் கடைசி வருஷம், இந்த நேரத்தில் இது எதற்கு என்று கேட்டேன். சும்மா, முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலமே நானும் பேர் கொடுத்துவிட்டேன். நாற்பத்தாறு வயதாகிறது, எடை கூடிவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்லி வருஷக்கணக்காகிறது. அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

நந்திதாவிடம் சொன்னபோது தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "உனக்கு நீந்தவே தெரியாதேம்மா" என்றாள். கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவள் அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

காலையில் 118. நல்ல எண்.

பன்னிரண்டு வயதில் நந்திதாவுக்கு டைப் ஒன் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. இப்போது இடது கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. அது சர்க்கரை அளவை அவள் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து என் போனுக்கும் வரும். நான் வகுப்பில் பலகையில் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட மேஜை மேல் அது தெரியும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். வகுப்பில் போன் கூடாது என்பது விதி. என் போனைப் பற்றி இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்று நீச்சல் குளத்தில் முதல் நாள். சொல்லித் தருகிற ஜெனோவா என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடச் சொன்னாள். வைத்தேன், எடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. நந்திதா பக்கத்துத் தடத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள்.

வரும் வழியில் அவளிடம் கேட்டேன், தண்ணீருக்குள் இருக்கும்போது எண் வருமா என்று. சென்சார் கெடாது, ஆனால் தண்ணீருக்குள் சிக்னல் வராது, கரையேறினால்தான் தெரியும் என்றாள். கடலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. குளத்தை மூடிவிட்டார்கள். தெருவில் முட்டளவு தண்ணீர். பருப்பு டப்பாவில் வண்டு. வெயில் வந்தால் காய வைக்க வேண்டும். காலை 131, மதியம் 164, சாயங்காலம் 97.

டிசம்பர் 3, புதன்

குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போய்விட்டேன். மேலே வந்து இருமியதில் கண்ணில் நீர். ஜெனோவா கை தட்டினாள். நந்திதாவும் தட்டினாள், ஆனால் அப்புறம் வீட்டில் அவள் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். நான் அடுக்களையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்கவே பிடிக்காது.

டிசம்பர் 17, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு. பதினோராம் வகுப்புக்கு நான்தான் மேற்பார்வை. நந்திதா விடுமுறையில் திருச்செந்தூர் சாலையில் சைக்கிள் பயிற்சிக்குப் போயிருந்தாள். போனைப் பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். 104 இருந்தது. பிறகு 91. பிறகு 80, அம்புக்குறி கீழ்நோக்கி. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வெறும் கோடு.

கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஹாலில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறை ஆசிரியை வாசலில் நின்றார், கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொன்னேனா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஸ்கூட்டரை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. உப்பளங்களைத் தாண்டிப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் பள்ளத்தில் ஏதோ சிவப்பாகக் கிடந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் குடம்.

முக்காணி தாண்டி ஒரு ஜூஸ் கடையில் தோழிகள் இரண்டு பேரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸ். இறங்குகிறது என்று அவளுக்கே தெரிந்து, நின்று, குடித்திருக்கிறாள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தோழிகள் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போனார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பரீட்சை ஹால்ல பிள்ளைங்கள விட்டுட்டா வந்த?"

நான் சர்க்கரை மீட்டர் வைத்திருக்கிறேன், விரலைக் காட்டு என்றேன். காட்டினாள். 112.

தலைமையாசிரியை எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். வீட்டில் அவசரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

மாடியில் துணி எடுக்கப் போனேன். இவர் அங்கே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். புனேயில் ஏதோ ஹாஸ்டல். அறையில் சின்ன ஃபிரிட்ஜ் வைக்க அனுமதிப்பார்களா, மருந்து வைக்க வேண்டியிருக்கும் என்று கேட்டார். என்னைக் கண்டதும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஆபீசில் யாருடைய பிள்ளையோ புனேயில் படிக்கச் சேரப் போகிறது போல. நான் கேட்கவில்லை. துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் தடவை கடலில் இறங்கினோம். குளத்தில் கற்றது எல்லாம் மறந்துவிட்டது. அடி தெரியவில்லை. அலை பெரிதாக இல்லை, இருந்தும் வாய்க்குள் இரண்டு மடக்கு உப்புத் தண்ணீர் போனதும் ஜெனோவாவின் மிதவையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. நகம் அதில் பதிந்துவிட்டது.

கரைக்கு வந்தபின் ஜெனோவா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாத்தான் நீந்துறீங்க. ஆனா நாலு கை போட்டதும் தலையத் தூக்கி நந்திதாவத் தேடுறீங்க. தலை மேல வந்தா கால் கீழ போயிரும். அதான் முங்குறீங்க."

அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன் என்று சொன்னேன். அவள் சரி டீச்சர் என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலுக்கு எவ்வளவு இன்சுலின் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அதற்குள் அவளே போட்டு முடித்திருந்தாள். சாயங்காலம் மூன்று பேரும் தெர்மல் நகர் வரை ஓடினோம். இவர் பாதியில் ஆட்டோ பிடித்துவிட்டார்.

ஜனவரி 30, வெள்ளி

காலையிலிருந்து எண் வரவில்லை. சர்வர் கோளாறாக இருக்கும்.

ஜனவரி 31, சனி

இன்றும் வரவில்லை. போனில் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரே தாளுக்கு இரண்டு தடவை கூட்டல் போட்டு இரண்டு விடை வந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

அவள்தான் நிறுத்தியிருக்கிறாள்.

நானே கேட்டேன். மறைக்கவில்லை. ரேஸ் முடிகிற வரைக்கும் உனக்கு வராது என்றாள். அவளுக்கு வருகிறதாம், அது போதுமாம். நான் அப்படியென்றால் நீ கடலில் இறங்கக் கூடாது, நாளைக்கே நடத்துகிறவர்களிடம் பேசுகிறேன் என்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், பாதுகாப்புப் படகில் இருக்கிறவர்கள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது, நீ பேச வேண்டியது ஒன்றுமில்லை என்றாள். நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை.

இவர் பொதுவாக எங்களுக்குள் வர மாட்டார். இன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வடிவு, எட்டு வருஷமா ஊசிய அவதான போட்டுக்கிடுதா."

போடுவது அவள்தான், பார்ப்பது யார் என்று கேட்டேன். நந்திதா அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருக்கிறார்கள். தெரியாமல் இல்லை. சொல்ல வரும் முகம் தெரிந்ததும் நான் குக்கரைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இடது தோள் வலி. வெந்நீர் ஒத்தடம். பால்காரர் வரவில்லை.

பிப்ரவரி 14, சனி

நாளைக்கு. பையில் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. தொப்பி, கண்ணாடி, துண்டு, ஹெல்மெட், ஷூ. ரேஸில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. என்னுடையதை இவரிடம் கொடுத்துவிட்டேன். என் சைக்கிள் பையில் குளுக்கோஸ் பாக்கெட் நான்கு. அவளிடமும் இருக்கும். இருந்தாலும்.

கடலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். முகம் வெளுத்தால், பேச்சு குழறினால் எனக்குத் தெரிந்துவிடும். எண் தேவையில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. இன்றே எழுதாவிட்டால் அப்புறம் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

விடியும்போது கடற்கரையில் இருந்தோம். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் விளக்கோடு நின்றன. நந்திதா விரலில் குத்திப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. அவளே 186 என்று சொன்னாள். பதற்றத்தில் ஏறும், கடலில் இறங்கும்போது சரியாக இருக்கும் என்றாள். பெண்கள் எல்லோருக்கும் ஒரே இளஞ்சிவப்புத் தொப்பி. இதை நான் யோசிக்கவே இல்லை.

விசில் அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவள் என் பக்கத்தில் இருந்தாள். மார்புக்கு வந்தபோது இல்லை. எங்கே பார்த்தாலும் இளஞ்சிவப்புத் தலைகள். யாரோ ஒருத்தியின் கால் என் கண்ணாடியில் பட்டது. தலையைத் தூக்கினேன், தேடினேன், வாய்க்குள் தண்ணீர் போனது. மறுபடி தூக்கினேன். கால்கள் கீழே இறங்குவது தெரிந்தது. அடியில் ஒன்றுமில்லை. கையைத் தட்டினேன், கத்தினேன் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக்கு நின்ற வள்ளத்திலிருந்து மிதவையை நீட்டினார்கள். பிடித்துக்கொண்டு இருமினேன். வள்ளத்தில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார், ஏற்றிக்கொள்ளட்டுமா, ஏறினால் ரேஸ் அதோடு சரி என்று. என் மகள் எங்கே என்று கேட்டேன். எந்தத் தொப்பி என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாத் தலைகளும் பாதை காட்டும் முதல் மிதவையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. யாரும் நிற்கவில்லை. அவள் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தில் என் மகள் யார் என்று தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை.

ஏறியிருந்தால் வள்ளத்திலிருந்து அவளைத் தேடியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் கண்டுபிடித்தாலும் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? மிதவையை விட்டேன். முகத்தை உள்ளே வைத்தேன். பச்சையாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை. மூச்சு விட்டேன். கையைப் போட்டேன். கால் மேலே வந்தது.

எப்போது கரையேறினேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர்தான். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நந்திதாவின் சைக்கிள் இல்லை. கடலிலிருந்து வந்துவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், பிறகு ஷூ போட்டேன்.

சைக்கிள் பாதை கடற்கரைச் சாலையில் போய்ப் போய்த் திரும்புவது, மொத்தம் நான்கு சுற்று. இரண்டாவது சுற்றில் ஒரு புங்க மரத்தடியில் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது. பிரேக் பிடித்ததில் விழப் பார்த்தேன்.

முகம் வெளுத்திருந்தது. உதட்டுக்கு மேல் வியர்வை முத்து முத்தாக. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு தொண்டர் பெண் ஒருத்தி நின்றாள்.

"எவ்வளவு?"

"அம்பத்தெட்டு. குளுக்கோஸ் போட்டுக்கிட்டேன். கால் மணி நேரம் உக்காரணும். ஏறினதும் போவேன்."

நான் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் உட்காரப் போனேன்.

"உக்காராதம்மா."

"ஏறுற வரைக்கும் இருக்கேன்."

"வேண்டாம்." விரல் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "நீ இங்க இருந்தா நான் மீட்டரப் பாக்க மாட்டேன். உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ பயந்தா எனக்கும் பயமாயிரும். போம்மா."

தொண்டர் பெண் வேறு பக்கம் பார்த்தாள். ஐம்பத்தெட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அந்த முகத்தின் அருகில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது என்னைப் போகச் சொன்னதில்லை. அல்லது சொல்லியிருக்கலாம்.

சைக்கிளை நிமிர்த்தினேன். பெடலில் கால் இரண்டு தடவை வழுக்கியது. கிளம்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை அவள் தலையைக் குனிந்து மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றை எப்படி ஓட்டினேன் என்று சொல்லத் தெரியவில்லை. காற்று எதிரில் அடித்தது. மரம் நெருங்க நெருங்க மிதிக்கவே பயமாக இருந்தது. வந்து பார்த்தால் மரத்தடி காலி. அவளும் இல்லை, சைக்கிளும் இல்லை, அந்தத் தொண்டர் பெண்ணும் இல்லை. கொஞ்ச தூரத்தில் சந்திப்பில் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு மூடியிருந்தது.

வேகத்தைக் குறைத்தேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாயைத் திறந்தேன். கேட்டு, அவர் தெரியாது என்றால் இறங்கிக் கதவைத் தட்டுவேன். தட்டினால் பிறகு எங்கும் போக மாட்டேன். சைக்கிள் தானாக உருண்டு அவரைத் தாண்டிவிட்டது. அப்புறம் மிதித்தேன். நான் கெட்ட தாயா என்று கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

ஓட ஆரம்பித்தபோது கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வெயில் ஏறிவிட்டது. ஓட்டப் பாதையில் போய்த் திரும்ப வேண்டும். நான் திரும்பி வரும்போது எதிரில் போகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மாமா, இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், மூச்சிரைக்க ஒரு டாக்டரம்மா. அவர்களுக்குப் பின்னால் அவள்.

கையைத் தூக்கினாள். நின்று பேசவில்லை, எண்ணும் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி ஓட முடியாது என்று தெரியும்.

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். வலது பக்கமாக என்னைத் தாண்டிப் போனாள். சேர்ந்து கோட்டைத் தாண்டுவதற்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை. அவள் முதுகில் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. தோள் எலும்புகள் ஏறி இறங்கின. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடி முடித்தேன்.

இவர் இரண்டு பேருக்கும் துண்டு வைத்திருந்தார். என் போனை நீட்டினார். உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றேன். மணலில் காலை நீட்டி உட்கார்ந்தோம். நந்திதா தானே குத்திப் பார்த்தாள், ஏதோ சாப்பிட்டாள், எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்ல வருகிற முகம். எழுந்து போக எனக்குக் காலில் பலமில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"புனேக்கு எப்பப் போணும்?" என்று நானே கேட்டேன்.

அவர் சட்டென்று கடலைப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஜூலையில. இடம் கிடைச்சா."

"கிடைக்கும்" என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொன்னால் உடைந்துவிடுவேன் என்பதால் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அவள் குனிந்து அவிழ்த்துவிட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

உடம்பெல்லாம் வலி. மாடிப்படி இறங்க முடியவில்லை, பின்பக்கமாக இறங்கினேன். இவர் பார்த்து மூச்சு விடாமல் சிரித்தார். பள்ளிக்கு லீவ் சொல்லியாகிவிட்டது.

மணி ஒன்பதாகியும் நந்திதா எழுந்திருக்கவில்லை. கதவு வரை போனேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு வந்து அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன்.